வீட்டில் சொல்லாமல் பாங்காக்: தனியாகப் போகும் பெண் எதையெல்லாம் பார்த்துக்கணும்?

#1 பறக்கும்ரயில் | ஞாயிறு, இரவு 11:08

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இதுதான் முதல் பதிவு. தப்பான பகுதியில போட்டிருந்தா நெறியாளர் மாத்திடுங்க.

வயசு 25. வீடு வேளச்சேரி, வேலை ஓஎம்ஆர்ல. அடுத்த மாசம் தாய்லாந்து போறேன். தனியா, 8 நாள். பாங்காக்ல மூணு ராத்திரி, வடக்க இருக்கற சியாங் மாய்ல நாலு, நடுவுல ஒரு ராத்திரி ரயில். டிக்கெட் போட்டாச்சு. சென்னையில நடுராத்திரி கிளம்பி அங்க விடிகாலையில இறங்குது. இதுவரைக்கும் நான் தனியா போன தூரம்னா பெங்களூரு, அதுவும் சித்தி வீட்டுக்கு.

வீட்ல இன்னும் சொல்லல. "ஆஃபீஸ் டீமோட போறோம், பொண்ணுங்களே நாலு பேர்"னு சொல்லலாம்னு இருக்கேன். பாங்காக்னு பேரைச் சொன்னாலே அப்பா மூஞ்சி எப்படிப் போகும்னு தெரியும். தனியான்னும் சேர்த்துச் சொன்னா பாஸ்போர்ட் பீரோ லாக்கருக்குள்ள போயிடும்.

பயம் இல்லாம இல்ல. பெப்பர் ஸ்ப்ரே எப்பவும் பையில இருக்கும். ஃபோன்ல காவல் உதவி ஆப் இருக்கு. வேற என்ன பண்ணணும்? தனியா போயிட்டு வந்தவங்க சொல்லுங்க. "போகாதே"ன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு வேண்டாம், அதைச் சொல்ல வீட்லயே ஆள் இருக்கு.


#2 குரோம்பேட்டை_குமரன் | ஞாயிறு, இரவு 11:31

தைரியம்தான் சிஸ்டர். என் யோசனை, கழுத்துல ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கிட்டுப் போங்க. கல்யாணம் ஆன பொண்ணுன்னு ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். என் கசின் டெல்லி போறப்ப அப்படித்தான் போவா.


#3 டபரா_காபி | திங்கள், காலை 7:02

குமரன், பாங்காக்ல மஞ்சக் கயிறைப் பார்த்தா ஏதோ கோயில் கயிறுன்னு நினைச்சுப்பாங்க. அவங்களே கையில வெள்ளைக் கயிறு கட்டிக்கற ஊரு அது. அந்தக் கயிறோட அர்த்தம் புரியறது அங்க சுத்தற நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு மட்டும்தான். அப்ப அது யாருக்காகன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ப.ரயில், நான் வியட்நாம், தாய்லாந்து, இலங்கை மூணும் தனியா போயிருக்கேன். முதல்ல உங்க ஆயுதத்தைப் பத்தி. பெப்பர் ஸ்ப்ரேயைக் கைப்பையில வெச்சா மீனம்பாக்கத்துலயே செக்யூரிட்டி எடுத்துடுவாங்க. சிங்கப்பூர், இங்கிலாந்து மாதிரி ஊர்கள்ல அதைக் கையில வெச்சிருக்கறதே குற்றம். அதனால பழக்கத்துல பையிலயே கிடந்து கூட வந்துடாம பார்த்துக்கோங்க. காவல் உதவி ஆப் தமிழ்நாடு போலீசோடது. பாங்காக்ல சுகும்விட் ரோட்ல நின்னு அமுக்கினா என்ன ஆகும்? அங்க 1155, டூரிஸ்ட் போலீஸ், இங்கிலீஷ்ல பேசுவாங்க. சாதா போலீஸ் 191, ஆம்புலன்ஸ் 1669. மூணையும் ஃபோன்லயும் போடுங்க, பாஸ்போர்ட் உறைக்குள்ள ஒரு துண்டுச் சீட்டுலயும் எழுதி வைங்க.

ஆயுதம்னு ஏதாவது இருந்தாதான் தூக்கம் வரும்னா, கதவுக்கு அடியில சொருகற ரப்பர் ஆப்பு வாங்குங்க. ரங்கநாதன் தெருவுல பிளாஸ்டிக் சாமான் கடைங்கள்ல கிடைக்கும். தாழ்ப்பாள் ஆடற மாதிரி இருந்த ஒரு ரூம்ல, ராத்திரி முழுக்க நான் அதை நம்பித்தான் தூங்கினேன்.

ஆனா என்னை நிஜமா அழ வெச்சது எந்த ஆம்பளையும் இல்ல, ஓடிபி. ஹனோய்ல உள்ளூர் சிம் போடறதுக்காக நம்ம சிம்மைக் கழட்டி, பொட்டு டப்பா ஒண்ணுக்குள்ள பத்திரமா வெச்சேன். அந்த டப்பாவை முந்தின ஊர் ரூம்லயே விட்டுட்டு வந்துட்டேன். ஹோட்டலுக்குப் பாக்கி கட்டணும், ஆன்லைன்ல கார்டு போட்டா "ஓடிபி அனுப்பியுள்ளோம்"னு வருது. எங்க அனுப்பினாங்க? 300 கிலோமீட்டர் தள்ளி ஒரு மேஜை டிராயருக்குள்ள. கையில இருந்தது ஒரு நாள் சாப்பாட்டுக்குக் காசு. அண்ணன் ராத்திரி 1 மணிக்கு எழுந்து அவன் கார்டுல கட்டினான்.

இப்பல்லாம் டேட்டாவுக்கு இ-சிம், நம்ம சிம் அதே இடத்துல ரோமிங் ஆன் பண்ணி. கார்டுல வெளிநாட்டு உபயோகம் தானா ஆன் ஆகியிருக்காது, ரிசர்வ் வங்கி விதி அப்படி. 2020-லேர்ந்து நாமதான் பேங்க் ஆப்ல போய்த் திறக்கணும். சென்னையிலேயே திறந்துட்டுப் போங்க. ரெண்டு கார்டு, ரெண்டு வேற வேற இடத்துல.


#4 ரிட்டயர்டு_ராயப்பேட்டை | திங்கள், காலை 9:40

அண்ணா சாலையில் ஒரு டிராவல்ஸில் 31 வருடம் டிக்கெட் போட்டவன் நான். தனியாகப் போகிற பெண்களுக்கு நான் எப்போதும் சொல்வது: ஊரைப் பற்றி அப்புறம் படி, இறங்கின முதல் மூன்று மணி நேரத்தைக் காகிதத்தில் எழுது.

நடுராத்திரி விமானம் என்றால் உனக்குத் தூக்கம் இருக்காது அம்மா. பாங்காக் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விடிகாலை ஆறு மணி என்று அங்கே கடிகாரம் காட்டும்போது உன் உடம்புக்கு அது நாலரை. ஹோட்டலில் அறை கிடைப்பது மதியம் 2 மணிக்கு. இடையில் எட்டு மணி நேரம் பெட்டியோடு, தூக்கக் கலக்கத்தோடு, புது ஊரில். ஏமாறுவது அந்த நேரத்தில்தான். ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதி, பெட்டியைக் காலையிலேயே வைத்துக்கொள்வார்களா என்று கேள். பெரும்பாலும் சரி என்பார்கள். முடிந்தால் அரை நாள் கூடுதலாகக் கொடுத்து அறையையே எடு. அது வீண் செலவு இல்லை.

பாங்காக்கில் விமான நிலையம் இரண்டு: சுவர்ணபூமி, டான் முவாங். உன் டிக்கெட்டில் எது என்று இன்றே பார். சுவர்ணபூமி என்றால் கீழ்த்தளத்தில் ரயில் உண்டு, ஃபயா தாய் வரை போகும், அங்கிருந்து மேல்பால ரயில். டாக்ஸி என்றால் தரைத்தளத்தில் டோக்கன் இயந்திரம் இருக்கும். சீட்டில் எந்த வரிசை எண் வருகிறதோ அந்த வண்டி. மீட்டருக்கு மேல் 50 பாட் கொடுக்க வேண்டும், அது முறையான கட்டணம், சண்டை போடாதே. வருகைக் கூடத்தில் "டாக்ஸி மேடம்" என்று பக்கத்தில் வருகிறவரிடம் நின்று பதில் சொல்லாதே. சென்ட்ரல் வாசலில் இறங்கி ஆட்டோக்காரர்களைக் கடந்த உனக்கு இது புதிதில்லை.

போவதற்கு முன் மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் இது கட்டாயம், கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை.

நம் ஊர் குடியேற்ற கவுண்டரில் தனியாகப் போகும் இளம் பெண்ணைக் கொஞ்சம் அதிகமாகவே கேள்வி கேட்பார்கள். எங்கே தங்குகிறாய், யார் செலவு, எப்போது திரும்புகிறாய் என்பார்கள். கோபப்படாதே. வேலை என்று ஆசை காட்டிப் பெண்களையும் பையன்களையும் சுற்றுலா விசாவில் கூட்டிப்போகும் கும்பல்கள் இருப்பதால் கேட்கிறார்கள். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் அச்சடித்துக் கையில் வைத்திரு.

பாஸ்போர்ட் தொலைந்தால்: அங்கே போலீஸில் புகார், அந்தத் தாளோடு இந்தியத் தூதரகம். பாங்காக்கில் அது சுகும்விட் சோய் 23, அசோக் நிலையத்திலிருந்து நடந்து போகலாம். ஊர் திரும்ப மட்டும் செல்லும் எமர்ஜென்சி சர்ட்டிஃபிகேட் தருவார்கள். பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலும் இரண்டு புகைப்படமும் பெட்டியின் வேறு அறையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வீட்டில் பொய் சொல்வதைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நிறைய இருக்கிறது.


#5 பறக்கும்ரயில் | திங்கள், மதியம் 1:15

சார், இப்பதான் பார்த்தேன், என் டிக்கெட் டான் முவாங். ஹோட்டல் போட்டது சுவர்ணபூமி பக்கத்துல. 🤦‍♀️ லஞ்ச் பிரேக்லயே மாத்திட்டேன்.

ஓடிபி விஷயம் எனக்குத் தோணவே இல்ல. அப்புறம் இன்னொண்ணு கண்டுபிடிச்சேன். எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர் எங்க வீட்டுப் பழைய லேண்ட்லைன். அது 2016-லயே கட் பண்ணியாச்சு. அம்மா மொபைல் நம்பர் கடைசி நாலு எண் தெரியல.


#6 மயிலை_மாடவீதி | திங்கள், இரவு 10:50

இதை இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல.

பாங்காக்ல சீலோம் ரோட்ல மாரியம்மன் கோயில் இருக்கு. போன நூற்றாண்டுக்கும் முன்னாடி அங்க போன தமிழங்க கட்டினது, தாய்க்காரங்க "வாட் கேக்"ம்பாங்க. வாசல்ல சாமந்தி மாலை மலை மாதிரி குவிச்சிருப்பாங்க. கோபுரத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நாலு நாளா ஒரு தமிழ் வார்த்தை காதுல விழல. தரிசனம் முடிச்சு வெளிய வந்து செருப்பு மாட்டும்போது பின்னாடியிருந்து ஒரு குரல்: "தமிழா? ஊர்ல எங்கம்மா?"

நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். நெத்தியில விபூதி. ரொம்ப மரியாதையா பேசினார். நான் மயிலாப்பூர்னதும் "அட, நான் மந்தைவெளி"ன்னார். அஞ்சு நிமிஷத்துல எங்க படிச்சேன், எங்க வேலை, தனியா வந்திருக்கேன், எந்த ஹோட்டல், எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டேன். காலையிலதான் "அரண்மனை இன்னைக்கு மூடிட்டாங்க, வாங்க வேற கோயில் காட்டறேன்"னு ஒரு டுக் டுக் காரன் வந்தான். அவனை "போய்யா"ன்னு சொல்லிட்டு நேரா நடந்து போனேன். அரண்மனை திறந்துதான் இருந்தது. அந்த ஏமாத்து வேலையைப் பத்தி முன்னாடியே படிச்சிருந்தேன். அவ்வளவு உஷாரா இருந்த அதே நான், சாயங்காலம் இப்படி.

ராத்திரி எட்டரைக்கு லாபிக்கு இறங்கினா அந்த ஆள் சோஃபால உட்கார்ந்திருக்கார். கூட இன்னொருத்தர். "சாப்பிடப் போலாம்னு வந்தோம்மா, நம்ம ஊர்ப் பொண்ணு தனியா இருக்கியேன்னு."

அவர் தப்பானவரா, வெறும் அசட்டுத்தனமான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லன்னு அந்த நிமிஷம் தோணிச்சு. அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. நேரா ரிசப்ஷன் போனேன். அங்க இருந்த பொண்ணுகிட்ட மெதுவா "இவரை எனக்குத் தெரியாது, என் ரூம் நம்பர் சொல்லாதீங்க"ன்னேன். லிஃப்ட் பக்கம் போகவே இல்ல, ஏன்னா எந்த மாடின்னு மேல விளக்கு காட்டும். அந்தப் பொண்ணு கவுண்டரைத் தாண்டி வந்து என் பக்கத்துலயே நின்னா. அவங்க கொஞ்ச நேரம் இருந்துட்டு எழுந்து போயிட்டாங்க. ரூம் மாத்திக் கொடுத்தாங்க. ராத்திரி முழுக்க நான் தூங்கல.

ப.ரயில், தெரியாத பாஷைக்காரன்கிட்ட நாம தானாவே ஜாக்கிரதையா இருப்போம். "ஊர்ல எங்க"ன்னு கேக்கும்போதுதான் எல்லாம் அவுந்துடும்.


#7 சூறாவளி_2000 | திங்கள், இரவு 11:20

இதுக்குத்தான் பொண்ணுங்க தனியா போகக் கூடாதுன்றது. கல்யாணம் பண்ணிட்டு புருஷனோட

[நெறியாளர்: மீதி நீக்கப்பட்டது. கேள்வி எப்படிப் போவது என்பது, போகலாமா என்பதல்ல. இன்னொரு முறை வந்தால் ஒரு வாரம் தடை.]


#8 பெரம்பூர்_சிஸ்டர் | செவ்வாய், காலை 5:48

நைட் டியூட்டி முடிச்சு ரயில்ல உட்கார்ந்து எழுதறேன், எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. குவைத்ல 9 வருஷம் நர்ஸ், இப்ப சென்னையில.

மாடவீதி சொன்னது நூத்துக்கு நூறு. ஆளுங்களை அடைச்சு வெச்சு ஆன்லைன்ல ஏமாத்தற வேலை வாங்கற அந்த மியான்மர் மோசடி முகாம்களுக்குப் போய் மாட்டினவங்களை யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு நினைக்கிறீங்க? நம்ம பாஷை பேசற ஏஜெண்ட்தான். பாங்காக்ல டேட்டா என்ட்ரி வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங்னு சொல்லி சுற்றுலாவா இறக்குவாங்க. அங்கேருந்து கார்ல மே சோட், அது தாய்லாந்தோட எல்லை ஊர். ஆத்தைத் தாண்டினா மியாவாடி, அது மியான்மர். அப்புறம் பாஸ்போர்ட் உன் கையில இருக்காது. 2025 மார்ச்ல விமானப்படை விமானத்துல 283 இந்தியங்களை ஒரே நடையில மே சோட்லேர்ந்து கூட்டி வந்தாங்க, அடுத்த நாளும் ஒரு நடை. தங்கச்சி, நீ சுத்திப் பார்க்கப் போற, சரி. ஆனா அங்க போன இடத்துல "இங்கிலீஷ் நல்லாப் பேசறியே, இங்கேயே வேலை இருக்கு, நல்ல சம்பளம்"னு யாராவது ஆரம்பிச்சா, அது தமிழ்ல வந்தாலும் எழுந்து வந்துடு. வெளிநாட்டு வேலைன்னா ஏஜெண்ட் நம்ம அரசோட இ-மைக்ரேட் தளத்துல பதிவு பண்ணவனான்னு இங்கேருந்தே பார்க்கலாம்.

திரும்பி வரும்போது இன்னும் கவனம். குருவிங்க, அதாவது கூலிக்கு அடுத்தவன் பொருளைக் கடத்தறவங்க, சென்னைக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. "சாக்லேட் டப்பாதான் மா, ஏர்போர்ட் வெளிய என் மச்சான் வாங்கிப்பான்"னு கொடுப்பாங்க. பாங்காக் விமானத்துல ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிச்சாங்க, பாம்புக்குட்டி பிடிச்சாங்கன்னு மாசம் தவறாம பேப்பர்ல வருதில்ல? கஸ்டம்ஸ்ல பை யாரு கையில இருக்கோ அவங்கதான் குற்றவாளி. வயசான பாட்டியே கொடுத்தாலும் வாங்காத.

போற வழிக்கும் ஒண்ணு. சிங்கப்பூர், துபாய் வழியா யாராவது போறதா இருந்தா மசாலாப் பொடியில கசகசா இருக்கான்னு பாருங்க. அங்க தடை. அம்மா அன்பா அரைச்சுக் கொடுத்த குருமாப் பொடிக்குப் பதில் சொல்லிட்டு நிக்க வேண்டியிருக்கும்.

நான் குடிக்கிறதில்ல. நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது, அறிவுரையும் இல்ல. மருத்துவமா மட்டும் சொல்றேன். 2024 நவம்பர்ல லாவோஸ்ல வாங் வியெங்னு ஒரு ஊர்ல மெத்தனால்ங்கற விஷச் சாராயம் கலந்த மதுவால 6 வெளிநாட்டுப் பயணிங்க செத்தாங்க, அதுல 19 வயசுப் பொண்ணுங்க ரெண்டு பேர். அதே வருஷம் ஜூன்ல நம்ம கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல போனதும் அதே மெத்தனால்தான். சும்மா கொடுக்கற ஷாட், பக்கெட்ல கலக்கிக் கொடுக்கறது, இது ரெண்டும் வேண்டாம். மறுநாள் கண்ணு மங்கலா, பனி மூட்டம் மாதிரி தெரிஞ்சா அதை ஹேங்ஓவர்னு நினைச்சுப் படுத்துடாதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி.

ஸ்டேஷன் வந்துடுச்சு.


#9 தாம்பரம்_தம்பி | செவ்வாய், காலை 10:05

எல்லாரும் ஆளுங்களைப் பத்தியே பேசறீங்க. நான் சியாங் மாய்ல ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து முழங்கை கிழிஞ்சவன். வாடகைக்கு வண்டி எல்லாக் கடையிலயும் கொடுப்பான், லைசென்ஸைப் பார்க்கவே மாட்டான். அது உங்க மேல நம்பிக்கை இல்ல, அவனுக்குக் கவலை இல்ல, அவ்வளவுதான். நம்ம லைசென்ஸ் மட்டும் பத்தாது, ஆர்டிஓல வாங்கற இன்டர்நேஷனல் பெர்மிட் வேணும். அது இல்லாம விழுந்தா டிராவல் இன்ஷூரன்ஸ் ஒரு ரூபா தராது. நான் கட்டின பில்லுக்கு ஒரு புது ஸ்கூட்டியே வந்திருக்கும். பாஸ்போர்ட்டை அடமானமா கேட்டா கொடுக்காதீங்க, பணமா கட்டுங்க.

ஓட்டத் தெரியலன்னா சிவப்பு ஷேர் வண்டி ஓடும், நம்ம ஷேர் ஆட்டோ மாதிரிதான், பின்னாடி ரெண்டு பெஞ்ச். வண்டி கூப்பிட நம்ம ஓலா மாதிரி கிராப் ஆப்பும் இருக்கு.


#10 அம்பத்தூர்_அம்மா | செவ்வாய், மாலை 4:30

நான் ஒரு அம்மாவா எழுதறேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, காலேஜ் கடைசி வருஷம். இந்த இழையை அவதான் காட்டினா. எதுக்குன்னு எனக்குப் புரியாம இல்ல.

கண்ணு, நீ ஆஃபீஸ் டீம்னு சொல்லிட்டுப் போற. ரெண்டாம் நாள் ஃபோன் எடுக்கல. உங்கம்மா என்ன நினைப்பாங்க? "கூட நாலு பேர் இருக்காங்களே, எங்கயாவது சுத்திட்டிருப்பாங்க"ன்னு சும்மா இருப்பாங்க. ராத்திரி முழுக்க சும்மா இருப்பாங்க. நீ சொன்ன பொய்யே அவங்களைத் தூங்க வெச்சிடும். மயிலாப்பூர்ப் பொண்ணு எழுதினதைப் படிச்சேன், அந்த ராத்திரி அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா அவ வீட்டுக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும்?

திட்டுவாங்க. அழுவாங்க. பாஸ்போர்ட்டை எடுத்து ஒளிச்சு வைக்கவும் வெப்பாங்க, பொய் சொல்ல மாட்டேன், நானா இருந்தா அதைத்தான் செய்வேன். ஒரு நாள் கழிச்சுத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.


#11 டபரா_காபி | செவ்வாய், மாலை 5:10

அம்மா சொல்றது சரி, ஆனா எல்லா வீடும் ஒரே மாதிரி இல்ல. பாஸ்போர்ட்டைத் திருப்பித் தராத வீடும் இருக்கு, எனக்குத் தெரிஞ்ச பொண்ணுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கிடைச்சுது. அந்த மாதிரி வீடுன்னா அண்ணனோ, தோழியோ, அத்தையோ, சென்னையில ஒருத்தருக்காவது முழு உண்மை தெரியணும். ஹோட்டல் பேர், அட்ரஸ், ஹோட்டல் ஃபோன் நம்பர், ரயில் நம்பர், இன்ஷூரன்ஸ் பாலிசி எல்லாம். "எந்த மணி வரைக்கும் என்கிட்டயிருந்து மெசேஜ் வரலன்னா நீ யாருக்கு ஃபோன் பண்ணணும்"னும் எழுதிக் கொடுங்க. வாட்ஸ்ஆப் லைவ் லொக்கேஷன் 8 மணி நேரத்துக்கு மேல ஓடாது, ஃபோன் செத்தா அதுவும் செத்துடும். அதை மட்டும் நம்பாதீங்க.


#12 பறக்கும்ரயில் | புதன், இரவு 12:40

படிச்சேன். எல்லாத்தையும். யோசிக்கணும்.


#13 குரோம்பேட்டை_குமரன் | புதன், காலை 8:00

மஞ்சள் கயிறு வாபஸ். மாடவீதி எழுதினதைப் படிச்சதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நானும் வெளியூர்ல தமிழ் கேட்டா ஓடிப் போய் "எந்த ஊரு"ன்னு கேக்கற ஆள்தான். அந்தப் பக்கத்துல இருக்கற பொண்ணுக்கு அது எப்படி இருக்கும்னு இத்தனை நாள் தோணல.


#14 பறக்கும்ரயில் | ஆறு வாரம் கழித்து, சனி, மாலை 6:22

வந்துட்டேன்! ரெண்டு கையும் ரெண்டு காலும் பத்திரம். பாஸ்போர்ட்டும்.

வீட்ல சொன்னேன், கிளம்பறதுக்குப் பத்து நாள் முன்னாடி. அம்மா ஒன்றரை நாள் பேசல. அடுப்புல பாத்திரம் வைக்கற சத்தத்துலயே கோபம் தெரிஞ்சுது. அப்பா ஒண்ணே ஒண்ணு கேட்டார், "ரிட்டர்ன் டிக்கெட் இருக்கா?" இருக்குன்னேன். பேனா எடுத்துட்டு வந்து தினசரி காலண்டர் அட்டையில, லட்சுமி படத்துக்குக் கீழ, ரெண்டு ஹோட்டல் பேரும் நம்பரும் எழுதிக்கிட்டார். அவ்வளவுதான். நான் ரெடி பண்ணி வெச்சிருந்த வாதம் எல்லாம் அப்படியே இருக்கு, யாருக்காவது வேணும்னா தரேன்.

தினமும் நம்ம நேரம் ராத்திரி ஒன்பதரைக்குள்ள "சாப்ட்டேன், ரூம்ல இருக்கேன்"னு மெசேஜ் போடணும்னு ஒப்பந்தம். பத்து மணி தாண்டினா அம்மா ஹோட்டலுக்கு ஃபோன் போடலாம். அம்மா நம்பரை மனப்பாடம் பண்ணியாச்சு, ஸ்கூல்ல வாய்ப்பாடு மாதிரி.

குடியேற்ற கவுண்டர்ல ராயப்பேட்டை சார் சொன்ன அதே மூணு கேள்வி, தாளை நீட்டினேன், ரெண்டு நிமிஷத்துல முத்திரை.

சீலோம் கோயிலுக்குப் போனேன், போகாம இருக்க முடியல. மாலை வாங்கும்போது பக்கத்துல ஒரு குடும்பம், "தமிழா மா? தனியாவா வந்திருக்க?" நல்ல மனுஷங்கதான்னு தோணிச்சு. ஆனா வாய் தானா சொல்லிடுச்சு: "ஆஃபீஸ் டீமோட வந்திருக்கேன், பொண்ணுங்களே நாலு பேர், அந்தக் கடையில நிக்கிறாங்க." வீட்டுக்காக ரெடி பண்ணின பொய், அங்க போய் உதவிச்சு.

ராத்திரி ரயில்ல பொம்பளைங்களுக்குன்னே தனிப் பெட்டி இருக்கு தெரியுமா? சின்னப் பசங்களும் வரலாம், ஆம்பளைங்க கிடையாது. சாயங்காலம் ரயில்காரர் வந்து சீட்டைப் படுக்கையா மாத்தி, வெள்ளை விரிப்பு போட்டு, பச்சைத் திரையை இழுத்து விட்டுட்டுப் போறார். எதிர்ல ஒரு தாய் பாட்டி, பாஷை தெரியாது, வேகவெச்ச வேர்க்கடலை ஒரு கை அள்ளிக் கொடுத்தாங்க. (சிஸ்டர், பாட்டி கொடுத்ததை வாங்கினேன். சாப்பிட்டேன். மன்னிச்சுக்கோங்க. பார்சல் இல்ல, கடலை.)

ஸ்கூட்டர் எடுக்கல. தாம்பரம் தம்பியோட முழங்கை கண்ணு முன்னாடி வந்துட்டே இருந்தது.

ஆறாவது நாள் தோய் சுதேப் மலைக் கோயில். படி ஏறி இறங்கி கால் கழண்டுடுச்சு. ரூமுக்கு வந்து "அஞ்சு நிமிஷம்"னு சாய்ஞ்சேன். ஃபோன் சார்ஜ் எப்பவோ தீர்ந்திருக்கு. திடீர்னு கதவு தட்டற சத்தம். இருட்டு. எங்க இருக்கேன்னே ஒரு நிமிஷம் புரியல. ரப்பர் ஆப்பு சொருகியிருந்ததால கதவைத் திறக்காமலேயே "யாரு"ன்னு கத்தினேன், தமிழ்ல. வெளிய ஹோட்டல் நடத்தற அம்மாவோட குரல், "மாமா, மாமா! இந்தியா!" (அம்மாவைத்தான் அப்படிச் சொல்றாங்க.) திறந்தா நைட்டி மாதிரி ஒண்ணு போட்டுக்கிட்டு, கையில வயர் இல்லாத ஃபோனோட நிக்கிறாங்க. அங்க மணி பதினொண்ணே முக்கால். வாங்கிக் காதுல வெச்சா மறுமுனையில எங்கம்மா.

நான் பேசறதுக்கு முன்னாடி அவங்களுக்குள்ள என்ன நடந்ததுன்னு அம்மா அப்புறம் சொன்னாங்க. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்ச எங்கம்மா சொன்ன இங்கிலீஷ் இது: "மை டாட்டர். ரூம் நம்பர் டோன்ட் டெல். ஒன்லி நாக்."

இந்த இழை மொத்தத்தையும் அம்மா படிச்சிருக்காங்கன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது.


#15 தாம்பரம்_தம்பி | சனி, மாலை 6:50

😂😂 அம்மா எந்தப் பேர்ல இருக்காங்க இங்க?


#16 பறக்கும்ரயில் | சனி, மாலை 7:04

சொல்ல மாட்டேங்கறாங்க. குமரன் சார், தோய் சுதேப்ல கையில வெள்ளைக் கயிறு கட்டிவிட்டாங்க. பிக்குங்க பொம்பளைங்களைத் தொடக் கூடாதாம், அதனால பக்கத்துல இருந்த ஒரு பெரியவர் கட்டினார். இன்னும் அவுக்கல.


#17 மயிலை_மாடவீதி | சனி, இரவு 9:15

அந்த லேடீஸ் பெட்டி ரயில் நம்பர் என்ன? நான் போனப்ப தெரியாம விமானத்துல போயிட்டேன். கீழ் பெர்த் கிடைக்குமா?


#18 பறக்கும்ரயில் | சனி, இரவு 9:31

9-ஆம் நம்பர். பழைய ஸ்டேஷன் ஹுவா லம்போங்ல தேடாதீங்க, 2023-லேர்ந்து கிருங் தெப் அபிவாட் ஸ்டேஷன்லேர்ந்துதான் கிளம்புது. கீழ் பெர்த் கொஞ்சம் அகலம், காசும் கொஞ்சம் ஜாஸ்தி, சீக்கிரம் தீர்ந்துடுது. நான் ஒரு மாசம் முன்னாடியே போட்டுட்டேன்.


#19 அம்பத்தூர்_அம்மா | ஞாயிறு, காலை 6:10

கண்ணு, அந்த சியாங் மாய் ஹோட்டல் அம்மாவோட நம்பரைத் தனி மடல்ல அனுப்பு. என் பொண்ணு டிசம்பர்ல போகணுங்கறா. பாஸ்போர்ட் இப்ப என் பீரோலதான் இருக்கு.